தண்ணீர்ப்பந்தல் மடத்துப் படம்

சோளகக் காற்று ஓய்ந்துவரும் காலம் இது. வைகாசியில் தென்மேற்கே எழுந்த காற்று, ஆனியும் ஆடியும் கடந்து, ஆவணியின் நடுவிலே களைத்துப்போய், பனம்பழங்களை ஒன்றொன்றாய் உதிர்த்துவிட்டு அடங்கத் தொடங்கியிருக்கிறது. கடல் இன்னும் மங்கிக் கிடக்கிறது. வானத்தில் முகில் உண்டு. முகிலில் நீர் இல்லை. கிணறுகள் அடிக்கல்லைக் காட்டுகின்றன. வாளியில் ஏறும் கொஞ்ச நீரும் நாவில் கரிக்கிறது. ஆடுகள் நிழல் தேடி மதில்களோடு ஒட்டி நிற்கின்றன. இம்மாதங்களில் தீவார் அதிகம் பேசுவதில்லை. பேசினால் நா வறளும். இறைவன் தன் அடியாரின் பொறுமையை அளந்து பார்க்கும் பருவம் இதுவென்று நான் எண்ணுவதுண்டு. அனலைதீவில் எழுபத்தொரு சோளகங்களைக் கண்டவன் நான். இவ்வளவு நீண்டதொன்றைக் கண்டதில்லை.

மரியநாயகி அம்மா, நேற்றுப் பிற்பகல் மடத்தில் நின்று நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். நான் விடை சொல்லவில்லை. நீங்களும் இரண்டாம் முறை கேளாமல், விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஊர்காவற்றுறைப் படகுக்கு நடந்துபோனீர்கள். முப்பத்தாறு ஆண்டு தபாலதிபராக இருந்தவன் நான். பதிலுக்குக் காத்திருப்போரின் முகத்தை அறிவேன். ஆகையால், வெள்ளைக்கார ஆட்சியில் இத்தீவின் தலைமைக்காரராயிருந்த கதிரித்தம்பி உடையாரின் பூட்டப்பிள்ளையும் இம்மடத்தின் தர்மகர்த்தாவுமாகிய கனகசபை, உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் சிலகாலம் தங்கியிருந்த வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர், எண்ணெய் வர்ணத்தில் அதைத் தீட்டி என் பூட்டனாருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆறடி அகலம். மடத்தின் மேற்குச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, சுவரோடு அடித்த தேக்குச் சட்டத்துள் இருக்கிறது. நடுவில் வெண்தலைப்பாகையோடு உடையார் நிற்கிறார். வலக்கையில் ஒரு பாத்திரம். அவர் முன்னே ஆணும் பெண்ணுமாய்ப் பலர் நிலத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மேனியெல்லாம் வெண்மை. கழுத்திலே கயிற்றில் கோத்த ஒற்றை மணி. உடையாரின் உதடுகள் பாடுவதுபோலத் திறந்திருக்கின்றன. பின்னால் கடலும் ஒரு பாய்மரமும். எஞ்சியதெல்லாம் விளக்குப் புகையில் கறுத்துப்போயிருந்தது.

மேனி முழுதும் நீறணிந்து, உருத்திராக்கம் பூண்டு, தாகத்தோடு கரையேறிய அடியார் கூட்டத்துக்கு உடையார் பதிகம் பாடியபடி நீர் வார்த்த காட்சி அது. எங்கள் தந்தையர் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களுடைய தந்தையரும் அப்படியே சொன்னார்கள். இம்மடம் அதனால் எழுந்தது. ஆண்டுதோறும் வைகாசியில் தண்ணீர்ப்பந்தல் தொடங்கும் நாளில் படத்துக்கு மாலை சாத்துவோம். இவ்வூரில் பிறந்த குழந்தையை முப்பத்தோராம் நாள் இங்கு கொண்டுவந்து, படத்தின் கீழுள்ள தட்டிலிருந்து நீறெடுத்து நெற்றியில் இட்டு, மடத்துச் சாடியிலிருந்து ஒரு துளி நீரை உதட்டில் விடுவார்கள். என் உதட்டிலும் விட்டார்கள். உச்சி மணி கேட்டதும் தர்மகர்த்தா படத்தின் முன் நின்று பதினொரு பாட்டும் கொண்ட பதிகமொன்றை முழுதாய் ஓதவேண்டும். இடையில் நிறுத்தலாகாது. என் தகப்பனார் ஓதிக்கொண்டிருக்கையில் குண்டுவீச்சு விமானம் இந்த மடத்தின் மேலால் போனது. அவர் நிறுத்தவில்லை.

இவ்வாண்டு மடத்தைப் புதுக்கினோம். தரைக்குச் சீமெந்து பூசி மினுக்கினோம். படத்தின் புகையை நீக்க யாருண்டு என்று விசாரித்தபோது, உங்கள் பக்கத்து மாதா கோயில்களின் சுருவச் சிலைகளைச் செப்பனிட்டு வந்த ஜெனீற்றாவின் பெயரை எல்லாரும் சொன்னார்கள். உங்கள் ஒரே பிள்ளை என்பதும், தகப்பனைக் கடல் கொண்டபின் உங்களைத் தாங்கி நின்றவள் என்பதும் அறிந்தே அழைத்தேன். வேதக்காரப் பெண் எங்கள் படத்தைத் தொடலாமா என்று ஓரிருவர் கேட்டார்கள். கைத்தொழிலுக்குச் சமயமில்லை என்று நானே அவர்களை அடக்கினேன். இதை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

நாள்தோறும் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பினாள். ஏணியில் நின்றுதான் வேலை செய்யவேண்டும். புதுத்தரை வழுக்கும் என்பதால், மடம் கூட்டும் பரிமளம் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். இரண்டாம் நாளே பரிமளம் என்னிடம் முறைப்பாடு கொண்டுவந்தாள்.

“ஐயா, உவ பஞ்சைத் துப்பலிலை நனைச்செல்லோ உடையாரைத் துடைக்கிறா.”

நான் போய்க் கேட்டேன். உங்கள் மகள் ஏணியிலிருந்து இறங்காமலே சிரித்தாள்.

“துப்பலிலை ஒரு மருந்து இருக்கு ஐயா. வர்ணத்தைத் தின்னாது, ஊத்தையை மட்டும் தின்னும். மாதாவின்ரை முகத்தையும் இப்பிடித்தான் துடைச்சனான். அவ ஒண்டும் கோவிக்கேல்லை.”

“மாதா கோவியா. எங்கடை ஐயா கோவிப்பார்” என்றாள் பரிமளம்.

நான் கோபிக்கவில்லை. வேலை சுத்தமாய் இருந்தது. வெயில் ஏற ஏற அவளுக்கு வாய் வறண்டுபோகும். அப்போதெல்லாம் பரிமளத்தைக் கூப்பிட்டுச் சாடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். உச்சியில் நான் ஓதும்போது ஏணியை விட்டிறங்கி, சுவரோரமாய் அமர்ந்து கேட்பாள். ஒருநாள், எங்கள் பாட்டில் ஓரிடம் உங்கள் பெரிய வியாழன் ஒப்பாரிபோல இருக்கிறது என்றாள். நல்ல செவி அவளுக்கு.

பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, ஏறிப் பார்க்கச் சொன்னாள். ஏறினேன். நான் பார்த்து இறங்கும்வரை, பரிமளத்தை விலக்கிவிட்டுத் தானே ஏணியை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

உடையாரின் கையிலிருந்தது செம்பன்று, ஒரு வாளி. வாளிக்குள் சுவருக்குப் பூசும் தும்புக் கட்டையொன்று தோய்ந்திருந்தது.

“இது திருநீறு இல்லை ஐயா, சுண்ணாம்பு” என்றாள் கீழிருந்து. “வாந்திபேதிக்கு அடிச்சிருக்கினம். கண்ணுக்குள்ளையும் பட்டிருக்கு. ரெண்டு பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கினம், பாருங்கோ. கழுத்திலை கிடக்கிறது தகரம். தோட்டத்து நம்பர்.”

பார்த்தேன். நாற்பத்தொன்று என்ற எண்ணைப் படிக்கக்கூட முடிந்தது. வலது பக்கத்துக் கீழ் மூலையில், நான் பிறந்த நாள்தொட்டு வெறுங் கருமையாய் இருந்த இடத்தில், நீளமாய் வெட்டிய குழியொன்றும், அதற்குள் வரிசையாய்க் கிடத்திய மனிதரும், அவர்கள்மேலும் அதே வெண்மையும் இருந்தன. அதற்கப்பால் ஒரு கிணறு. அதன் வாயைப் பனங்கருக்கு மட்டைகளால் அடைத்திருந்தார்கள். சட்டத்தின் அடியோரம் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி: தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள், நோய்த்தடுப்புக் காவல் நாட்களில், சுண்ணாம்பு பூசப்படுதல்.

“குழிக்குள்ளை இந்தக் கரையாய்க் கிடக்கிற மனிசன் சாகேல்லை ஐயா. கண் திறந்திருக்கு. கையை நீட்டி ஏதோ கேக்கிறார்.”

நான் இறங்கினேன். உடையார் பெருமானை எண்ணிப் பார்த்தேன். அவர் இப்படத்தை ஒளிக்கவில்லை. பெருமையோடு வாங்கி, எல்லாரும் காணும்படி மாட்டினார். நோய் ஊருக்குள் வராமல் காத்த தம் கடமையை வைத்தியர் தீட்டித் தந்ததாகவே கருதியிருப்பார். கிணற்றை அடைத்ததும் ஊரைக் காக்கவே. பாடிக்கொண்டு நின்றாரே, அது இரக்கமன்றி வேறென்ன? மறைத்தது அவரல்லர், நாங்கள் ஏற்றிய விளக்கு. விளக்கு மறைத்ததை உமிழ்நீர் வெளிப்படுத்தியது. எது தூயது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகளிடம் மிகப் பணிவாகவே கேட்டேன். அந்த மூலையை முன்போலக் கருமையாக்கிவிடுங்கள், வாளியைச் செம்பாகத் திருத்திவிடுங்கள், இவ்வூரில் நானூறு குடும்பங்களின் பிள்ளைகள் இதன் முன்னே முதல் நீர் அருந்தியவர்கள் என்றேன். அவள் மரியாதை குறையாமலே மறுத்தாள்.

“அந்த மனிசனைத் திருப்பியும் மூட என்னாலை ஏலாது ஐயா. நூறு வருசத்துக்கு மேலை ஆரும் பாராமல் கிடந்தவர்.”

பிறகு ஒரு யோசனையும் சொன்னாள். தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம்தானே. இவர்களுக்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள், உங்களை யாரும் குறைவாய் நினைக்கமாட்டார்கள் என்றாள். அது நல்ல யோசனை என்பதை இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் என் தகப்பனார் வாழ்ந்த வாழ்க்கையும், நான் வாழ்ந்த வாழ்க்கையும், அந்த யோசனைக்குள் அடங்கவில்லை. இப்படியான பழைய படங்களை ஆராயும் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருப்பதாகவும், பந்தல் தொடங்குமுன் படமெடுத்து அவருக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னாள். என்னிடம் மறைக்காமல் சொன்னாள். அவளிடம் மறைவென்பதே இல்லை. அது உங்கள் வளர்ப்பு.

பந்தலுக்கு முதல்நாள் காலை, எலுமிச்சம்பழமும் பூவும் வாங்கிவரும்படி பரிமளத்தை ஊர்காவற்றுறைக்கு அனுப்பினேன். உங்கள் மகளோடு தனியே பேசவேண்டும் என்பதற்காகவே அனுப்பினேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் தன் உள்ளத்தைத் துருவிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, ஆயினும் பார்த்தேன். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

மரண விசாரணை அதிகாரியிடம், அவ்வேளை நான் மடப்பள்ளியில் இருந்தேன் என்றும், சத்தங்கேட்டு ஓடிவந்தேன் என்றும் சொன்னேன். ஏணி சறுக்கியது, விழுந்தாள், கல்தொட்டியின் விளிம்பில் தலையும் இடுப்பும் அடிபட்டன என்று அவர் எழுதிக்கொண்டார். ஏணி சறுக்கியது உண்மை. விழுந்ததும் உண்மை.

நான் மடப்பள்ளியில் இருக்கவில்லை. ஏணியின் அடியில் இருந்தேன். அவள் கைத்தொலைபேசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினாள். “பிடிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, நிலம் வழுக்கும்” என்றாள். பிடித்தேன். அவள் மேற்படியில் நின்று, அமர்ந்திருப்போரின் முகங்களை ஒவ்வொன்றாய்ப் படமெடுத்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் சற்று நின்றாள். அப்போது கோயிலில் உச்சி மணி அடித்தது. மணி கேட்டால் கைகூப்ப வேண்டும். ஏணியிலிருந்து கையை எடுத்துக் கூப்பினேன்.

தள்ளவில்லை. கை கூப்பினேன், அவ்வளவே.

அவளைத் தூக்கியிருக்கலாம். இறங்குதுறையில் அவசரத்துக்கு ஓடும் படகு நின்றது. என் சட்டைப்பையில் படகுக்காரரின் எண் இருந்தது. ஆனால் உச்சி மணி அடித்துவிட்டது, ஓதவேண்டிய நேரம். படத்தின் முன் நின்று தொடங்கினேன். முதலாம் பாட்டில் “ஐயா” என்று கூப்பிட்டாள். மூன்றாம் பாட்டில் “தண்ணி” என்றாள். மறுநாளைக்கென்று நிரப்பிய பன்னிரண்டு சாடிகள் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் வரிசையாய் இருந்தன. அடிபட்டவருக்கு நீர் கொடுக்கலாகாது என்று தபாற் கந்தோரில் முதலுதவி வகுப்பெடுத்தவர் சொல்லியிருக்கிறார். அதுவும் எனக்கு நினைவு வந்தது.

அவள் இறந்து முப்பத்தோராம் நாள் நீங்கள் கறுப்புச் சேலையோடு வந்து, என்ரை பிள்ளை கடைசியாய் என்ன சொன்னவள் என்று கேட்டபோது, யேசுவை அழைத்தாள் என்றேன். நீங்கள் நெஞ்சில் சிலுவை இட்டுக்கொண்டு அழுதீர்கள், பிறகு ஆறுதலடைந்தீர்கள். அன்றிலிருந்து வெள்ளிதோறும் வந்து, பிள்ளையின் பேரால் சாடிகளை நிரப்பித் தந்தீர்கள். நான் சொன்னது பொய். ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யானாலும், தாய்க்கு உரியதைத் தாயிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

அவள் சொன்னது இது. ஐந்தாம் பாட்டின் நடுவில், என் முதுகுக்குப் பின்னால், குரல் மிகத் தாழ்ந்து:

“பரவாயில்லை ஐயா. பாடி முடிச்சிட்டுத் தாங்கோ.”

எங்கள் விரதத்தை அவள் மதித்தாள். நான் நிறுத்தலாகாது என்பதை அறிந்திருந்தாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் என் மனம் கலங்காமல் ஓத முடிந்தது. அது அவள் எனக்குத் தந்த அனுமதி என்றே கொண்டேன்.

பதினொரு பாட்டும் முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. என்னைத்தான் பார்த்தாள். உதடு அசைந்தது. நான் மறுபடி படத்தின் பக்கம் திரும்பி, முதற் பாட்டிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் முறை மெதுவாகப் பாடினேன். பண் தவறவில்லை. அது முடிந்தபின் பார்த்தேன். பிறகு படகுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் உங்களிடம் சொன்னபோது, நானும் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது சரி.

அவளுடைய கைத்தொலைபேசியைக் கடலில் போட்டேன். அன்று மாலையே, அடுத்த நாட் பந்தலுக்காக, விளக்குத் தண்டில் படிந்த கரியைச் சுரண்டி, விளக்குக்கு வார்க்கும் இலுப்பெண்ணெயில் குழைத்து, அவளுடைய தூரிகையாலேயே அந்த மூலையை மூடினேன். வாளியின் வாயைச் சிறிது ஒடுக்கினேன். வர்ணம் குழைக்கவென்று கடையில் வாங்கும் எண்ணெய் என் எண்ணத்துக்கே வரவில்லை. திருமுன் வைக்கும் பொருளுக்கு வேறெந்த எண்ணெயைக் கொண்டுபோவேன்? பந்தலன்று எல்லாரும் வந்து வணங்கினார்கள். படம் முன்னையிலும் ஒளிபெற்றிருப்பதாகச் சொன்னார்கள்.

இலுப்பெண்ணெய் உலராது என்பது எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. நேற்று நீங்கள் சாடி நிரப்பியபின், பிள்ளை வேலை செய்த படத்தைக் கிட்டப் பார்க்கவேண்டுமென்று வாங்குப் பலகையில் ஏறினீர்கள். சட்டத்தில் வடிந்திருந்த கருமையை விரலால் தொட்டீர்கள், முகர்ந்தீர்கள். நீங்கள் சிறுமி ஜெனீற்றாவுக்கு நிறங் குழைத்துக் கொடுத்த தாய் என்பதை நான் மறந்திருந்தேன். எட்டி மூலையை ஒருமுறை துடைத்தீர்கள். அந்த மனிதனுடைய கண் வெளியே வந்தது. நீங்கள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கி, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள்.

“என்ரை பிள்ளை இலுப்பெண்ணெயிலை வேலை செய்யமாட்டாள் ஐயா. இந்த மனிசனை மூடினது ஆர்?”

நான்தான், அம்மா. மூடியதும் நான், ஏணியை விட்டதும் நான், விட்டால் அது சறுக்கும் என்று அறிந்தே விட்டேன். உங்கள் மகளைக் கொன்றவன் நான்.

இதில் வெறுப்பு ஏதுமில்லை. அவளை என் பிள்ளையைப்போலவே எண்ணியிருந்தேன். ஓர் உயிரா, ஊரின் பக்தியா என்று என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவன் இறைவன் என்று நம்பினேன். ஆனாலும் கொலை கொலையே. ஆகவே பொலிசாருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலை பிந்தியதால் கிழவனுக்கு வந்த சினம் என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு அது போதும். உங்களுக்கு மட்டுமே முழுதையும் எழுதினேன். நீங்கள் இதை வெளியே சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்களும் கைக்குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோனவர். ஊர்ப் பிள்ளைகளின் முதல் நீரைக் கசப்பாக்க உங்களுக்கு மனம் வராது. நீங்கள் துடைத்த இடத்தை இன்று காலை மறுபடியும் பூசினேன். இம்முறை உங்கள் மகளின் பெட்டியிலிருந்த எண்ணெயை எடுத்துக்கொண்டேன். அது உலர்கிறது.

நாளைக் காலைப் படகில் பரிமளம் இதைக் கொண்டுவருவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம்.

இதை எழுதி முடித்தபின் நீராடி வந்தேன். திரியைத் திருத்தி விளக்கேற்றினேன். ஒரு நந்தியாவட்டைப் பூவை ஜெனீற்றாவின் பேரைச் சொல்லி வைத்து, நிலத்தில் வீழ்ந்து வணங்கினேன். மனம் தெளிந்திருக்கிறது.

அம்மா, நீங்கள் நீடு வாழ்க. உங்கள் இல்லம் பொலிக. உங்கள் குலம் ஆல்போல் தழைத்து, பிள்ளைகளாலும் பேரப்பிள்ளைகளாலும் விளங்குக.